அம்மாவுக்குச் சொன்ன குற்றம்

...அம்மாவுக்குச் சொன்னது குற்றமாம். கேட்டீரே பிள்ளை? களவெடுத்ததில்லை, ஆரையும் அடிச்சதில்லை, குடிச்சுப்போட்டுக் கார் ஓடினதில்லை. முழங்கால் நோகுதெண்டு பெத்த தாய்க்குச் சொன்னவன். அதுக்கு ஒரு வருசம் விளையாடக்கூடாதெண்டு எழுதிக் குடுத்திருக்கினம். ஸ்கொலர்ஷிப்பும் போச்சு. எல்லாம் போகட்டும், இப்ப என்ர மகன் என்னோட முந்தி மாதிரிக் கதைக்கிறானில்லை. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

நல்லாச் சாய்ஞ்சு இரும். ஒரு கையால புருவத்துக்கு மேல இழுத்துப் பிடியும், மற்றக் கையால இமையை. ஓம், அப்பிடித்தான். விட்டீரெண்டால் தோல் வெட்டுப்படும், பேந்து என்னைச் சொல்லிக் குற்றமில்லை. கதைக்க வேண்டாம், கதைச்சால் நெத்தி அசையும். நான் கதைக்கிறன், நீர் கேளும்.

மற்ற இடங்களில நூலின்ர ஒரு நுனியைப் பல்லால கடிச்சுக்கொண்டுதான் புருவம் எடுக்கிறவை. நான் கழுத்தில கட்டிப்போட்டு எடுக்கிறனான். வந்த புதுசில ஒரு இந்தியாக்கார அம்மாவின்ர சலூனில வேலை செய்தனான். அவ சொல்லுவா, "பல்லால பிடிங்க கமலினி, வேலை சீக்கிரம் முடியும்" எண்டு. எனக்குச் சரிவரேல்ல. நாள் முழுக்க வாயைப் பூட்டிக்கொண்டு நிண்டால் மனுசருக்கு வருத்தம் வந்திடும். அதுதான் இஞ்ச வீட்டிலேயே தொடங்கினனான்.

என்ன, நோகுதோ? முதல் தரம் கொஞ்சம் எரியும்தான். எவ்வளவு நாளா எடுக்காமல் விட்டனீர்? வீடு மாறின அலுப்பு, விளங்குது. தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை இருக்கிற பென்டில் ஹில்லில இருந்து வந்த ஆக்களுக்கு இந்தக் கிரான்பர்ன் கொஞ்ச நாள் காடு மாதிரித்தான் இருக்கும். பழகிடும். பழகேல்லையெண்டாலும் வீட்டுக் கடன் விடாது.

எங்க விட்டனான்... ஓம், முழங்கால். எங்கட மகன் அருந்தவன், யூனியில எஞ்சினியரிங் ரெண்டாம் வருசம். ரெனிஸ் விளையாடுறவன். சும்மா பொழுதுபோக்குக்கில்லை, யூனி அதுக்கெண்டே ஸ்கொலர்ஷிப் குடுத்து வைச்சிருந்தது. மற்றத் தாய்மார் பிள்ளையளை ரியூசன் ரியூசனெண்டு ஏத்தி இறக்கேக்க நான் இவனை வெய்யிலுக்க கோர்ட்டில விட்டிட்டு வெளியில கதிரை போட்டு இருந்தனான். கோயிலுக்கு வாற இரஞ்சிதம் அப்பவே கேட்டவ, "என்ன கமலினி, பிள்ளையைக் கறுக்க விடுறீர்" எண்டு. கறுத்தாலும் என்ர பிள்ளை வடிவு எண்டனான்.

இந்த ரெனிஸில சின்னச் சின்னப் போட்டியள் நடக்கும். ஜீலோங்குக்கு அங்கால, அந்தப் பக்கமெல்லாம். பாக்க ஒருத்தரும் வரமாட்டினம். நாங்கள் ஒருக்காப் போனனாங்கள். நாங்கள் ரெண்டு பேர், மற்றப் பெடியின்ர தாய் தேப்பன், வேலிக்கு அங்கால ஒரு நாய். அவ்வளவுதான் கூட்டம். ஆனா அதுக்கும் போனில பந்தயம் கட்டலாமாம். வீட்டில கட்டிலில படுத்துக்கொண்டு, என்ர பிள்ளை வெல்லுவானோ தோப்பானோ எண்டு அமத்தலாமாம். எனக்கு உது தெரியாது பிள்ளை. சத்தியமாத் தெரியாது.

விளையாடுற பிள்ளையளுக்கு யூனியில ஒரு சட்டம். பந்தயம் கட்டக்கூடாது. அது சரி, நல்ல சட்டம். அதோட, மச்சுக்கு முதல் ஆருக்கு எங்க நோகுது, ஆர் விளையாடேலாமல் இருக்கிறது, இந்தக் கதையளை வெளியில ஆருக்கும் சொல்லக்கூடாதாம். கூப்பிட்டு வைச்சு வகுப்பு மாதிரிச் சொல்லிக் குடுத்து, கையெழுத்தும் வாங்கினவையாம். இதே ஊரில ரீவியைப் போட்டீரெண்டால், ஃபுட்டிப் பந்து மச்சுக்கு நடுவில ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஆருக்கு எவ்வளவெண்டு பந்தய விலை சொல்லுறான். சின்னப் பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குதுகள். அது சட்டப்படி சரி. நான் முழங்கால் எண்டது பிழை.

நான் ஊருக்குச் சொல்லேல்ல. முதலில அதை விளங்கிக்கொள்ளும். போன நவம்பர், ஒரு புதன்கிழமை நொண்டிக்கொண்டு வந்தவன். அப்பவெல்லாம் வந்த உடன குசினிக்குள்ள வந்து, பிரிட்ஜைத் திறந்து வைச்சுக்கொண்டு, நிண்டபடியே எல்லாம் கதைப்பான். கரண்ட் போகுது, கதவைச் சாத்தடா எண்டு நான் கத்துவன். சாத்தமாட்டான். ஆர் என்ன சொன்னவன், கோச் என்னத்துக்கு ஏசினவர், ஆரின்ர கேர்ள்பிரண்ட் ஆரோட போயிட்டாள், எல்லாம். அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னவன், இடது முழங்கால் மடக்கேலாமல் இருக்கு, சனிக்கிழமை மச், எப்பிடியும் விளையாடுவன், ஆருக்கும் சொல்லிப்போடாதேயுங்கோ அம்மா எண்டு.

நான் ஆருக்கும் சொல்லேல்ல. கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்தனான். கடவுள் ஆரிலையும் சேர்த்தியே? நீரே சொல்லும். இல்லை இல்லை, தலையை ஆட்டாதேயும், இப்பத்தான் வளைவு எடுக்கிறன்.

ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டவர். சொன்னனான். சும்மா பேரையும் நட்சத்திரத்தையும் குடுத்திட்டு வந்தால் சாமிக்கு என்னெண்டு விளங்கிறது? அதால விசயத்தையும் சொன்னனான். "ஐயா, பிள்ளைக்கு இடது முழங்கால், மடக்கேலாது, சனிக்கிழமை மச்" எண்டு. அந்த நேரம் பாத்து மணியடிக்கிறாங்கள். ஐயருக்குக் கேக்கேல்ல. நான் கொஞ்சம் உரத்துச் சொன்னனான். சொல்லிக்கொண்டிருக்கேக்க மணி நிண்டிட்டுது. என்ர குரல் மட்டும் தனிய நிக்குது கோயிலுக்குள்ள. மணியடிச்ச பெடியை ஒருத்தரும் விசாரிக்கேல்ல எண்டதையும் கவனியும்.

எனக்குப் பின்னால இரஞ்சிதம் நிண்டவ. என்ன கமலினி, பிள்ளைக்கு என்ன எண்டு கேட்டா. கேட்ட பிறகு சொல்லாமல் நிக்கேலுமே? நான் பெருமை பிடிச்ச எண்ணக்காரி, மறைக்கிறன் எண்டு நினைப்பா. பேந்து அன்னதானத்தில இருக்கேக்க ஆள் மாறி ஆள் வந்து கேக்கினம். நல்லெண்ணெய் பூசச் சொன்னவை, மஞ்சள் கட்டச் சொன்னவை, கேரளா வைத்தியர் ஒருத்தரின்ர நம்பர் தந்தவை. சனத்தின்ர அன்பைப் பாக்க எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

இரஞ்சிதத்தின்ர மனுசன் ஈஸ்வரமூர்த்தி அண்ணையும் பாயாசக் கோப்பையோட பக்கத்தில வந்து இருந்தவர். ஆர் செத்தாலும் ஆர் பிறந்தாலும் ஒரு வார்த்தை கேக்காத மனுசன். அண்டைக்குக் கேக்கிறார், "எந்த முழங்கால் தங்கச்சி?" எண்டு. எனக்கு நெஞ்சு குளிர்ந்து போச்சு. இடது அண்ணை எண்டனான். "சேர்வ் போடேக்க ஊண்டுற காலோ?" எண்டார். ஓம் அண்ணை, அதுதான், டொக்டர் விளையாட வேண்டாமெண்டவர், இவன் கேக்கிறானில்லை, ஓடிப் பந்து எடுக்கவே மாட்டான் எண்டனான். "ஐயோ பாவம்" எண்டிட்டு ரெண்டாம் தரம் பாயாசம் வாங்கப் போனவர்.

சனிக்கிழமை பிள்ளை தோத்துப்போனான். நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனா பாரும், நாயும் பாக்காத அந்த மச்சுக்கு, என்ர பிள்ளை தோப்பானெண்டு கிரான்பர்னில இருந்து மட்டும் ஒரு படையே பந்தயம் கட்டியிருக்குது. ஈஸ்வரமூர்த்தி, அவரோட வேலை செய்யிறவை, அவையின்ர மச்சான்மார். எல்லாம் தமிழ்ப் பேர். அந்தப் போட்டியிலயே ஒரே ஒரு தமிழ்ப் பெடிதான் விளையாடினவன். பந்தயக் கொம்பனிக்காரனுக்கு இதைக் கண்டுபிடிக்கச் சாத்திரியே வேணும்?

யூனிக்கு அறிவிச்சிட்டாங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, காசு வாங்கிக்கொண்டு வேணுமெண்டு தோத்தனீரோ எண்டு கேட்டிருக்கினம். அதைக் கேட்ட அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்ல பிள்ளை. நிரூபிச்சால் வாழ்நாளுக்கும் விளையாடேலாது, யூனியை விட்டும் அனுப்பலாமாம். இவன், இல்லை, முழங்கால் நோ, அதாலதான் தோத்தனான் எண்டிருக்கிறான். அப்ப அந்த நோவை முதலே ஆருக்கும் சொன்னனீரோ எண்டு கேட்டிருக்கினம். இவன், ஒருத்தருக்கும் சொல்லேல்ல எண்டிட்டான். அந்த இடத்தில பொய் சொல்லியிருக்கிறான். எனக்காகச் சொன்ன பொய். அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால்... சரி, தெரிஞ்சிருந்தால் என்ன செய்திருப்பனோ.

இந்தப் பக்கம் முடிஞ்சுது. இரும், கண்ணாடி பிறகு காட்டுறன், ஒரு பக்கம் மட்டும் பாத்தால் பயந்திடுவீர். கையை விட்டுக் கொஞ்சம் ஆறும்.

பேந்து வீட்டுக்கு ஒரு மனுசி வந்தவ. யூனியில நேர்மைக்கெண்டு தனியா ஒரு ஒபிஸ் வைச்சிருக்கினமாம், அதில இருந்து. மற்ற ஒபிஸுகளில என்ன செய்யினமெண்டு நான் கேக்கேல்ல. முதல் நாளே போன் எடுத்துச் சொன்னவ, உங்கட மகனைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேணுமெண்டு. எங்கட ஆக்களில பிள்ளையைப் பற்றி விசாரிக்க வீட்டுக்கு ஆள் வாறதெண்டால் என்னத்துக்கு வருவினம்? கலியாணப் பேச்சுக்குத்தான். விசாரணை எண்டு எனக்குத் தெரியும், நான் ஒண்டும் மொக்குச் சனமில்லை. ஆனா கையும் காலும் தன்ர பாட்டில வேலை செய்யுது. விடியவெள்ளண எழும்பி ரோல்ஸ் சுட்டு, கேசரி கிண்டி, சாறி உடுத்து, அவன் ரெனிஸில வெண்ட கோப்பையள் எல்லாத்தையும் துடைச்சு அவவின்ர கதிரைக்கு நேர வைச்சனான்.

நல்ல மனுசி. ரோல்ஸ் நல்லாச் சாப்பிட்டவ. மகன் உங்களோட ரெனிஸைப் பற்றிக் கதைக்கிறவரோ எண்டு கேட்டா. எந்தத் தாய் இல்லையெண்டு சொல்லுவாள்? "என்ர பிள்ளை எனக்கு ஒண்டும் ஒளிக்கமாட்டான்" எண்டனான். வாயருகில கொண்டுபோன ரோல்ஸை அப்பிடியே தட்டில வைச்சிட்டா.

முழங்கால் நோவைப் பற்றிச் சொன்னவரோ, எப்ப சொன்னவர் எண்டா. மச்சுக்கு முதல் புதன்கிழமையே சொன்னவன் எண்டனான். அதுதான் என்ர சாட்சி, விளங்குதே? உண்மையா நோ இருந்தது, வேணுமெண்டு தோக்கேல்ல எண்டதுக்கு. நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ எண்டா. நானேன் சொல்லப்போறன், கோயிலில மட்டும்தான் எண்டு தொடங்கி, ஐயர், இரஞ்சிதம், பாயாசம், எல்லாம் ஒழுங்காச் சொன்னனான். எழுதிக்கொண்டே இருந்தா. பேந்து, வேற விளையாடுற பிள்ளையளைப் பற்றியும் சொல்லுறவரோ எண்டு மெல்லக் கேட்டா. பிள்ளையின்ர நல்ல குணத்தைச் சொல்ல வேற சந்தர்ப்பம் வருமே? ஓமோம், அவனோட சேர்ந்து டபிள்ஸ் விளையாடுற பெடிக்குத் தோள்மூட்டு சரியில்லை, அடிலேய்ட் பெடிக்குப் பெரிய மச்செண்டால் வயித்தால போகும், எல்லாம் எனக்கு வந்து சொல்லுவான், அப்பிடியொரு வெள்ளை மனசு எண்டனான். அதையும் எழுதினா.

போகேக்க ரெண்டு ரோல்ஸ் சுத்திக் குடுத்தனான். வேண்டாமெண்டிட்டா. வேலை நேரத்தில ஒண்டும் வாங்கக்கூடாதாம். மூண்டு சாப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

பின்னேரம் இவர், என்ர மனுசன், வேலையால வந்த உடன எல்லாம் சொன்னனான். கதிரையில இருந்து, சப்பாத்தும் கழட்டாமல், "நுணலும் தன் வாயாற் கெடும்" எண்டார். ஆரைச் சொல்லுறியள் எண்டு கேட்டனான். தவளையை எண்டார்.

கடைசி விசாரணைக்கு என்னை வர வேண்டாமெண்டிட்டினம். நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிப் போட்டனாம். இவர் போனவர். வேணுமெண்டு தோத்ததெண்ட குற்றம் இல்லையெண்டாச்சு, அந்த மட்டில என்ர வாய்தான் பிள்ளையைக் காப்பாத்தினது, அதை ஒருத்தரும் சொல்லுறேல்ல. ஆனா கதையை வெளியில விட்டது பிழை, விட்டிட்டு இல்லையெண்டது அதைவிடப் பிழை. விசாரணைத் தலைவர் கேட்டாராம், அம்மாவுக்குச் சொன்னதை ஏன் மறைச்சனீர் எண்டு. இவன், அம்மா எண்டு சொன்னால் நீங்கள் அம்மாவோட கதைக்கப் போவியள், அதுதான் எண்டானாம். கதைச்சால் என்ன எண்டாராம் அவர். இவன் அந்த நேர்மை மனுசியைப் பாத்தானாம். அவ குனிஞ்சு தன்ர கடதாசியைப் பாத்தாவாம். அந்த மண்டபத்தில ஒருத்தரும் சிரிக்கேல்லையாம். இவர்தான் சிரிச்சவராம். இதை எனக்கு வந்து சொல்லேக்கயும் சிரிச்சவர்.

ஒரு வருசம். ஈஸ்வரமூர்த்திக்கு என்ன நடந்தது தெரியுமே? அவரின்ர பந்தயக் கணக்கை மூடிட்டாங்களாம். அவ்வளவுதான். போன வெள்ளிக்கிழமை கோயிலில எனக்கு முன்னால நிண்டு விபூதி வாங்குறார், நெத்தி நிறையப் பூசுறார். இரஞ்சிதம், "நாங்கள் தெரிஞ்சே செய்தனாங்கள்?" எண்டு கேக்கிறா. எந்தக் காலெண்டு கேட்டவர் தெரியாமலோ கேட்டவர்?

நான் அப்பீல் போட நிண்டனான். இவன் மாட்டனெண்டிட்டான். குசினியில வைச்சு, பிரிட்ஜும் திறக்காமல், இங்கிலீசில சொன்னவன். சொல்லக்கூடாதெண்டு தெரிஞ்சு கையெழுத்து வைச்சனான் அம்மா, வைச்சிட்டுச் சொன்னனான், பிறகு பொய்யும் சொன்னனான், இது என்ர பிழை எண்டு. அடேய், தாய்க்குச் சொன்னது ஒரு பிழையோடா எண்டு நான் கத்துறன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போயிட்டான். என்னை ஒரு சொல்லு ஏசேல்ல பிள்ளை. ஏசியிருந்தால் நானும் ரெண்டு ஏசி, அழுது, மூக்கைச் சிந்தி, அண்டைக்கே முடிஞ்சிருக்கும். ஏசாத பிள்ளையோட என்ன செய்யிறது?

அடுத்த கிழமை யூனிக்குக் கிட்ட ரெண்டு மூண்டு பெடியளோட அறை எடுத்துக்கொண்டு போயிட்டான். ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பான். எப்பிடியடா எண்டால் ஃபைன். சாப்பிட்டியோ எண்டால் ஓம். மழையைப் பற்றி மட்டும் வடிவாச் சொல்லுவான், எப்ப தொடங்கினது, எப்ப விட்டது எண்டு. மழையை வைச்சு ஒருத்தரும் பந்தயம் கட்டமாட்டினம் எண்ட நம்பிக்கை போல.

நான்தான் பிள்ளை. ஐயருமில்லை, மணியுமில்லை. நான்தான். ஊருக்குள்ள இப்பிடிச் சொல்லமாட்டன், நீர் புதுசு எண்டபடியால் சொல்லுறன்.

சரி, மற்றப் பக்கத்தை இழுத்துப் பிடியும்.

போன கிழமை இதே கதிரையில கலா இருந்தவ. ஆசுப்பத்திரியில நேர்ஸ், மாசத்துக்கு ஒருக்கா வாறவ. நூலைப் போட முதலே, "மகனுக்கு இப்ப எப்பிடி அக்கா, நடக்கிறாரோ?" எண்டா. எனக்கு விளங்கேல்ல. "ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுதுதானே" எண்டா. முழங்காலில துளை போட்டுச் செய்தவையாம், இவர் பக்கத்திலேயே நிண்டவராம். உள்ளதைச் சொன்னால், கலாவும் அதை வெளியில சொல்லக்கூடாது. அவைக்கும் சட்டம் இருக்குது. ஆனா அவவை ஒருத்தரும் பிடிக்கேல்ல.

நான் என்ன சொன்னனெண்டு நினைக்கிறீர்? "ஓம் கலா, பரவாயில்லை, நடக்கிறான்" எண்டனான். சொல்லிப்போட்டு நூலைக் கழுத்தில கட்டினனான். என்ர பிள்ளையைக் கத்தி வைச்சு வெட்டியிருக்கினம், எனக்குத் தெரியாது. தேப்பனுக்குத் தெரியும். கலாவுக்குத் தெரியும். அண்டைக்கு அவவின்ர புருவத்தை ஒண்டு மேலயும் ஒண்டு கீழயுமா எடுத்து விட்டிட்டன். அவவும் கண்ணாடியைப் பாத்திட்டு, காசைத் தந்திட்டுப் போனவ.

பேந்துதான் எனக்கு மண்டையில பட்டுது. இவர் கொஞ்ச நாளா ரெண்டு பெட்டி சாப்பாடு கட்டச் சொல்லுறவர். ஒபிஸில ஒரு வெள்ளைக்கார ஆளுக்குச் சுகமில்லையாம், தனி ஆளாம், உறைப்புக் குறைச்சுப் போடட்டாம், தேங்காய்ப்பால் விட்ட பாற்சொதியெண்டால் விருப்பமாம். நானும் பாவமெண்டு புட்டும் பாற்சொதியும் கட்டிக் குடுக்கிறன். எந்த வெள்ளைக்காரன் பாற்சொதி கேப்பான்? எனக்குத்தான் புத்தி வேலை செய்யேல்ல.

தெரிஞ்ச பிறகும் நான் இவரைக் கேக்கேல்ல. நம்புவீரோ தெரியாது, கேக்கேல்ல. அடுத்த நாள் ஆட்டுக்கால் வாங்கி, விடிய விடிய அடுப்பில வைச்சு, சூப் காய்ச்சிப் பெட்டியில ஊத்தி வைச்சனான். இவர் மூடியைத் திறந்து பாத்தார். என்னைப் பாத்தார். நான் தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டனான். கொண்டு போனார்.

நேற்றுப் பின்னேரம் வெறும் பெட்டியோட வந்தார். கழுவிக் கிடந்தது. என்ர முகத்தைப் பாக்காமல், "ஒபிஸ் ஆளுக்குச் சூப் பிடிச்சிருக்காம்" எண்டார். சரி எண்டனான். "மிளகு கொஞ்சம் கூடப் போடட்டாம்" எண்டார். அதுக்கும் சரி எண்டனான்.

பேந்து குசினிக் கதவைச் சாத்திப்போட்டு அழுதனான். அவனுக்குத் தெரியும் எனக்குத் தெரியுமெண்டு. நாலு மாசத்துக்குப் பிறகு பிள்ளை எனக்கெண்டு சொல்லிவிட்ட கதை அது. மிளகு காணாதாம்.

முடிஞ்சுது பிள்ளை, எழும்பும். இந்தாரும் கண்ணாடி. கண் ஏன் கலங்கிக் கிடக்குது, எரியுதோ? கொஞ்சத்தில ஆறிடும். ஒரு உதவி செய்வீரே? பென்டில் ஹில்லில இருந்து ஆரும் வந்தால், அங்கத்தைய கடையில நல்ல மிளகு ஒரு பக்கற் வாங்கி வரச் சொல்லும். இஞ்ச வாறது வெறும் சக்கை, காரமில்லை. ஆருக்கெண்டு மட்டும் சொல்லிப்போடாதேயும்.